கரியைக் கழுவிய கதை: நானோகுழாய் மேல் பி.எம்.எம்.ஏ. வளர்த்த அனுபவம்

பால் ஊற்றிக் கழுவினாலும் கரி வெளுக்காது என்பார்கள். வெளுக்க வேண்டும் என்று நான் கழுவவில்லைதான், ஆனால் போன ஐப்பசியில் தொடங்கி மாசி வரை நான் செய்த வேலையைக் கூட்டிப் பார்த்தால் முக்கால்வாசி கரியைக் கழுவியதாகத்தான் இருக்கும். கார்பன் நானோகுழாயின் மேற்பரப்பில் பி.எம்.எம்.ஏ. பாலிமரை (கடையில் அக்ரிலிக் ஷீட் என்று விற்கிறார்களே, அதே சரக்கு) வேதிப் பிணைப்போடு வளர்க்க வேண்டும், பிறகு அதைச் சாதாரண பி.எம்.எம்.ஏ.வில் கலந்து மெல்லிய படலமாக வார்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் பத்து வரியில் முடிந்துவிடும். எனக்கு அது மூன்று தடவை "வந்துடுச்சு" என்று துள்ள வைத்து, மூன்று தடவையும் காலை வாரியது. நாலாவது தடவைதான் உருப்படியாக வந்தது. எங்கெங்கே ஏமாந்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வழியில் வருகிற யாருக்காவது ஒரு மாதம் மிச்சமானால் சரி.

எதற்கு இந்த வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஜப்பானில் சுமியோ ஈஜிமா எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய பிறகு பிரபலமான பொருள் இந்த நானோகுழாய், கார்பன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழல். என்னிடம் இருந்தது பல சுவர் கொண்ட வகை: வெளி விட்டம் 10 முதல் 15 நானோமீட்டர், நீளம் சில மைக்ரான். வலிமை, மின்கடத்தல் எல்லாம் காகிதத்தில் அபாரம். ஆனால் ஒன்றோடொன்று வான்டர்வால்ஸ் விசையில் ஒட்டிக்கொண்டு, சீப்புப் படாத தலைமுடி மாதிரி சிக்குப் பிடித்துக் கிடக்கும், எந்தக் கரைப்பானிலும் நிற்காது. குளோரோஃபார்மில் போட்டு சோனிகேட்டரில் (ஒலி அலையால் அதிரவைத்துக் கலக்கும் கருவி) அரை மணி நேரம் வைத்தால் மை மாதிரி இருக்கும், மறுநாள் காலை வந்து பார்த்தால் மேலே தெளிந்த திரவம், அடியில் கறுப்பு வண்டல். அதையே பாலிமரில் கலந்தால் உள்ளே கட்டி கட்டியாக நிற்கும், வலிமை கூடுவதற்குப் பதில் அந்தக் கட்டியிலிருந்துதான் விரிசலே தொடங்கும். அதனால் எந்தப் பாலிமரில் கலக்கப் போகிறோமோ அதே பாலிமரின் சங்கிலிகளைக் குழாயின் மேல் முளைக்க வைத்துவிட்டால் சொந்தக்காரன் வீட்டுக்குப் போன மாதிரி கலந்துவிடும் என்பது யோசனை.

இதற்கு இரண்டு வழி. தயாராக இருக்கிற பாலிமர்ச் சங்கிலியைக் கொண்டுவந்து குழாயில் ஒட்டுவது ஒன்று. இது சுலபம், ஆனால் முதலில் வந்து ஒட்டிய நீளமான சங்கிலிகள் சுருண்டு இடத்தை அடைத்துக்கொண்டு அடுத்ததை விடாது, பஸ்ஸில் படியிலேயே நிற்கிறவர்கள் மாதிரி. இன்னொன்று, குழாயின் மேல் ஒரு தொடக்கியை நட்டு, அங்கிருந்தே மோனோமரை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சங்கிலியை வளர்ப்பது. மோனோமர் சின்ன மூலக்கூறு, சந்துபொந்தில் எல்லாம் நுழையும், அதனால் அடர்த்தியாக வளரும். நான் இரண்டாவதை எடுத்தேன். ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகத்தில் கோங், காவ், யான் ஆகியோர் 2004-இல் ஏ.டி.ஆர்.பி. முறையில் (சங்கிலியைக் கட்டுப்பாட்டோடு வளர்க்கும் வழி, பின்னால் விளக்குகிறேன்) செய்து காட்டிய பாதைதான், என் சொந்தக் கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை.

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்தப் பொடி பார்க்க அடுப்புக்கரி மாதிரி இருக்கும், ஆனால் அப்படி நடத்தக்கூடாது. பஞ்சைவிட லேசு. ஸ்பாட்டுலாவில் எடுத்தால் நிலைமின்னில் துள்ளி கையுறையில் ஒட்டும். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 2013-இல் வேலையிடக் காற்றில் பரிந்துரைத்த உச்ச அளவு ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், அவ்வளவுதான். பல சுவர்க் குழாய்களில் ஒரு குறிப்பிட்ட வகையை மனிதருக்குப் புற்றுநோய் வரவைக்கக்கூடும் என்ற பட்டியலில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் சேர்த்தது. எங்கள் லேபில் சீலிங் ஃபேன் ஓடும்போது டப்பாவைத் திறந்த புண்ணியவான் ஒருவர் முன்பு இருந்தாராம், சுவரில் இன்னும் அடையாளம் இருக்கிறது. நான் ஃபேனை நிறுத்தி, ஃப்யூம் ஹூட்டுக்குள்ளேயே எடை போட்டு, முதல் வேலையாக ஈரப்படுத்திவிடுவேன். ஈரமானதும் பாதிப் பயம் போய்விடும்.

சரி, முதல் கட்டம் அமிலம். சும்மா இருக்கிற குழாயில் எதையும் பிணைக்க முடியாது, பிடி கிடைக்காது. அதனால் அடர் சல்பூரிக் 60 மி.லி., நைட்ரிக் 20 மி.லி. கலந்த கலவையில் 2 கிராம் குழாயைப் போட்டுச் சூடாக்கினால், வளைந்த இடங்கள், ஏற்கெனவே குறை இருக்கிற இடங்கள், முனைகள் எல்லாம் ஆக்சிஜனேற்றம் ஆகிக் கார்பாக்சில் தொகுதிகள் வரும். ஐஸ் தொட்டியில் வைத்து சல்பூரிக்கை மெதுவாக நைட்ரிக்கில் விட வேண்டும். ஹூட் இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், பழுப்புப் புகை வரும். அசிட்டோனில் அலசிய ஈர ஃபிளாஸ்க்கை இதற்கு எடுக்கவே கூடாது, அமிலக் கழிவு கேனில் அசிட்டோன் போகவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும்.

நான் முதல் தடவை பண்ணிய தப்பு: நன்றாக ஆகட்டும் என்று 70 டிகிரியில் 24 மணி நேரம் விட்டுவிட்டேன். 2 கிராம் போட்டது, கழுவிக் காயவைத்து எடுத்தால் 1.1 கிராம். மீதி எங்கே போனது? கொஞ்சம் கரியமில வாயுவாகப் போனது, கொஞ்சம் ஃபில்டர் வழியாகப் போனது. அமெரிக்க வேதியியலாளர் ஸ்மாலியின் குழுவினர் 1998-இல் இதே அமிலக் கலவையில் சோனிகேட்டரும் சேர்த்து நானோகுழாய்களைத் துண்டு போட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் கார்பாக்சில் நிறைய இருந்தால் நிறையச் சங்கிலி முளைக்கும் என்ற கணக்கில் இருந்தேன். இந்தத் தப்பின் வட்டியைப் பிறகு கட்டினேன்.

கழுவும்போது ஒரு வேடிக்கை நடக்கும், யாரும் எழுதி நான் படித்ததில்லை. அமிலம் நிறைய இருக்கும் முதல் இரண்டு மூன்று கழுவலில் ஃபில்டர் சரசரவென்று இறங்கும். பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். பி.எச். 4-ஐத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடும். காரணம் இதுதான்: அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிக்கு மின்னூட்டம் இல்லை, குழாய்கள் கூட்டமாகத் திரண்டு கிடக்கும், தண்ணீர் இடைவெளியில் ஓடிவிடும். அமிலம் குறையக் குறைய அவை எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளி, தனித்தனியாகப் பிரிந்து, மெம்பிரேன் துளைகளில் தார் பூசிய மாதிரி படிந்துவிடும். 200 மி.லி. இறங்க ஒரு பகல் ஆனது. வேக்யூம் பம்ப் கத்திக்கொண்டே இருக்கிறது, நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். லேப் அட்டெண்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, தார் ரோடு போடப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தீர்வு சின்னதுதான்: கடைசிக் கழுவல்களுக்குத் தண்ணீருக்குப் பதில் மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது திரும்பவும் திரள வைக்கும். அல்லது டயாலிசிஸ் பையில் போட்டு மூன்று நாள் மறந்துவிடுவது.

அடுத்த கட்டங்களை வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில் பொறுமையைத் தவிரப் பெரிய சூட்சுமம் இல்லை. தயோனைல் குளோரைடில் 70 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் கார்பாக்சில் அமிலக் குளோரைடாக மாறும். மிச்ச தயோனைல் குளோரைடை வடித்து எடுத்துவிட்டு, உலர்ந்த எத்திலீன் கிளைக்காலில் 120 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் ஹைட்ராக்சில் வரும். அதன் மேல் புரோமோ ஐசோபியூட்டிரைல் புரோமைடு, ட்ரைஎத்திலமீன் சேர்த்து, முதலில் ஐஸில், பிறகு அறை வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால் புரோமின் உள்ள தொடக்கி குழாயில் ஏறிவிடும். அந்தப் புரோமைடு கண்ணை எரிக்கும். ட்ரைஎத்திலமீன் உப்பு வெள்ளையாகக் கூடவே வரும், அது தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஐப்பசி மழையில் தயோனைல் குளோரைடைத் திறப்பது மட்டும் தண்டனை. காற்றின் ஈரம் பட்டதும் வெள்ளைப் புகை, மூக்கைத் துளைக்கும் நெடி. உலர் குழாயில் கால்சியம் குளோரைடு ஒரே ராத்திரியில் கூழாகிவிட்டது.

இப்போது ஏ.டி.ஆர்.பி. 1995-இல் மத்தியாஷெவ்ஸ்கியும் சவமோட்டோவும் தனித்தனியே கொண்டுவந்த முறை. சுருக்கமாகச் சொன்னால், செப்பு ஒன்று நிலையில் இருக்கும் அணைவு, சங்கிலி நுனியில் இருக்கும் புரோமினைப் பறித்துக்கொண்டு செப்பு இரண்டாகும், நுனி ரேடிக்கலாகும், அது சில மோனோமரைச் சேர்த்துக்கொள்ளும், உடனே செப்பு அந்தப் புரோமினைத் திருப்பிக் கொடுத்து நுனியைத் தூங்க வைக்கும். இது திரும்பத் திரும்ப நடக்கும். எந்த நேரத்திலும் விழித்திருக்கும் நுனிகள் மிகக் குறைவு, அதனால் ஒன்றோடொன்று மோதிச் சாவதும் குறைவு, எல்லாச் சங்கிலியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வளரும். ஆக்சிஜன் மட்டும் ஆகாது. அது உள்ளே வந்தால் செப்பு ஒன்றெல்லாம் செப்பு இரண்டாகி ஆட்டம் முடிந்தது.

முதல் ஓட்டத்தில் என் ஆட்டம் அப்படித்தான் முடிந்தது, ஆனால் அது எனக்குத் தெரியவில்லை. சாதாரணமாக இந்த வினையில் நிறத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஆக்சிஜன் நுழைந்தால் பச்சை அடர்ந்துகொண்டே போகும். நமக்குத்தான் நானோகுழாய் போட்டதும் எல்லாம் கும்மிருட்டாயிற்றே! ஃபிளாஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 20 மணி நேரம் கழித்து நிறுத்தி, மெத்தனால் ஊற்றி, ஃபில்டர் செய்தேன். பிறகு டி.எச்.எஃப். (பி.எம்.எம்.ஏ.வைக் கரைக்கும் கரைப்பான்) ஊற்றிக் கழுவினேன். ஊற்றிய அரை நிமிடத்தில் மெம்பிரேன் ஊறிய அப்பளம் மாதிரி நெகிழ்ந்து, கறுப்பு முழுக்க அப்படியே கீழே ஃபிளாஸ்க்கில் இறங்கிவிட்டது. மெம்பிரேன் கிழிந்துவிட்டது போல என்று நினைத்து, கீழே இருந்ததை எடுத்து, மெத்தனால் விட்டுத் திரள வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் பிரித்துக் காயவைத்தேன். எஃப்.டி.ஐ.ஆர். (என்னென்ன வேதித் தொகுதிகள் இருக்கின்றன என்று அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் சோதனை) எடுத்தால் 1740 அலை எண்ணுக்குப் பக்கத்தில் பளிச்சென்று எஸ்டர் பீக். பி.எம்.எம்.ஏ.வுக்கு 1730 சொல்வார்கள், பத்து முன்னே பின்னே இருக்கட்டுமே. அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் டீ என் செலவு.

என் ஆய்வு வழிகாட்டி மேடம் அந்த வரைபடத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பீக் வந்திருக்கு, சரி. 1650-லயும் 1280-லயும் இவ்வளவு பெரிசா நிக்குதே, அது யாரு?" என்றார். எனக்குப் பதில் இல்லை. டி.ஜி.ஏ. (சூடாக்கிக்கொண்டே எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனை) வந்தபோது அது இன்னும் மோசம். பி.எம்.எம்.ஏ. 300 முதல் 400 டிகிரிக்குள் சிதைய வேண்டும். எனக்கு 200 டிகிரியிலேயே ஒரு செங்குத்துச் சரிவு. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன்: கலப்பு செல்லுலோஸ் எஸ்டர் மெம்பிரேன், அதாவது செல்லுலோஸ் அசிட்டேட்டும் நைட்ரேட்டும். தண்ணீருக்கு அருமையானது, டி.எச்.எஃப்.பில் கரைந்துவிடும். அசிட்டேட்தான் என் எஸ்டர் பீக், நைட்ரேட்தான் அந்த 1650, 1280, கூடவே 200 டிகிரியில் எரிந்ததும் அதுதான். நான் நானோகுழாயின் மேல் ஃபில்டர் பேப்பரை வெற்றிகரமாகப் பூசியிருந்தேன். பாலிமர் ஒரு துளிகூட வளரவில்லை.

இரண்டாவது ஓட்டத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். கரைப்பான்களுக்கு டெஃப்லான் மெம்பிரேன், விலை அதிகம், வேறு வழியில்லை. செப்பு புரோமைடு பாட்டிலைத் திறந்து பார்த்தால் லேசான பச்சை, சுத்தமானது வெள்ளையாக இருக்க வேண்டும். அதைத் தூய அசிட்டிக் அமிலத்தில் ராத்திரி முழுக்கக் கலக்கி, வடிகட்டி, எத்தனால் விட்டு அலசி, வேக்யூமில் காயவைத்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக வந்தது. மோனோமரில் பாட்டிலுக்குள்ளேயே பாலிமராகிவிடாமல் இருக்கத் தடுப்பான் போட்டிருப்பார்கள், அதைக் காரத்தன்மை உள்ள அலுமினா வழியாக விட்டு நீக்கினேன். ஆக்சிஜனை எடுக்க, உறைய வைத்து, பம்பில் இழுத்து, உருக வைப்பதை மூன்று சுற்று. இதற்கு லிக்விட் நைட்ரஜன் வேண்டும், பக்கத்துத் துறைக்கு வியாழக்கிழமைதான் வரும், அதனால் என் பாலிமர் வியாழக்கிழமைகளில்தான் பிறக்கும். அப்புறம் எல்லாவற்றையும்விட உபயோகமான மாற்றம் ஒன்று: பக்கத்திலேயே நானோகுழாய் போடாத ஒரு சின்னக் குப்பி. அதே மோனோமர், அதே செப்பு, அதே எண்ணெய்த் தொட்டி, ஆனால் கரைந்திருக்கும் சாதாரணத் தொடக்கி. அந்தக் குப்பி கெட்டியானால் இருட்டுக்குள்ளும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். முதல் தடவையே இதை வைத்திருந்தால் டீச் செலவு மிச்சம்.

கெட்டியானது. பெரிய ஃபிளாஸ்க்கில் மேக்னெட் சுற்ற முடியாமல் நின்றுவிட்டது, அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் வேறு. மூன்று தடவை டி.எச்.எஃப். விட்டுக் கழுவி டி.ஜி.ஏ.வுக்கு அனுப்பினேன். நைட்ரஜனில் 500 டிகிரிக்குள் 52 சதவீதம் எடை இழப்பு, சரிவு பி.எம்.எம்.ஏ. இடத்தில். பாதிக்கு மேல் பாலிமர்!

மேடம் கேட்டது ஒரே கேள்வி: "கன்ட்ரோல் எங்கே?"

கரைசலில் தனியாக வளர்ந்த பாலிமரும் இருக்கும் என்பது தெரியும், நானே நீளம் அளப்பதற்காகக் கொஞ்சம் சாதாரணத் தொடக்கியைப் பெரிய ஃபிளாஸ்க்கிலும் போட்டிருந்தேன். அது குழாய்ச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டு, மேலே படிந்துகொண்டு, கழுவினாலும் லேசில் வராது. எத்தனை கழுவல் போதும் என்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வடிந்து வரும் டி.எச்.எஃப்.பில் சில சொட்டு எடுத்து மெத்தனாலில் விடுவது. பி.எம்.எம்.ஏ. மெத்தனாலில் கரையாது, இருந்தால் உடனே பால் மாதிரி கலங்கும். மூன்றாவது கழுவலில் அரிசி கழுவிய தண்ணீர். ஐந்தாவதில் கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால் மெல்லிய புகை. ஒவ்வொரு தடவையும் சும்மா ஊற்றினால் போதாது, கேக்கை எடுத்துப் புது டி.எச்.எஃப்.பில் பத்து நிமிடம் சோனிகேட் செய்து பிரித்துவிட்டுத் திரும்ப வடிகட்ட வேண்டும். ஒன்பதாவதில்தான் தெளிவாக வந்தது. அதற்குப் பிறகு 52 சதவீதம் 31 ஆனது. கூடவே கன்ட்ரோல், அதாவது பிணைப்பே இல்லாத ஒப்பீட்டு மாதிரி, செய்தேன்: எதுவுமே செய்யாத பச்சைக் குழாய், சின்னக் குப்பியில் வளர்ந்த பி.எம்.எம்.ஏ., இரண்டையும் 60 டிகிரியில் 20 மணி நேரம் சும்மா கலக்கி, அதே ஒன்பது கழுவல். அதிலேயே 8 சதவீதம் பாலிமர் இருந்தது! ஒரு பிணைப்பும் இல்லாமல், வெறுமனே படிந்து. செப்பும் முழுக்கப் போகாது என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். கறுப்புக் கலவையை அலுமினாவில் விட முடியாது, அதனால் மெத்தனாலில் ஒரு சொட்டு அமிலம் விட்டு இரண்டு கழுவல் கூடுதலாகக் கொடுத்தால் பச்சை நிறம் வடிவதை நீங்களே பார்க்கலாம்.

மூன்றாவது ஓட்டத்தில் எல்லாம் ஒழுங்காகச் செய்து 33 சதவீதம் வந்தது. டி.எச்.எஃப்.பில் போட்டால் இரண்டு வாரம் ஆகியும் வண்டல் இல்லை. சரி, இது நிஜம் என்று முடிவுகட்டி, குளோரோஃபார்மில் பி.எம்.எம்.ஏ.வைக் கரைத்து அரை சதவீதம் சேர்த்து, பெட்ரி தட்டில் ஊற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து ராத்திரி முழுக்க ஆவியாக விட்டேன். காலையில் உரித்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாக நிற்கிறது, ரவையில் விழுந்த மிளகுத்தூள் மாதிரி. கரைசலில் இவ்வளவு நன்றாக நிற்பது ஏன் படலத்தில் திரள்கிறது?

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, சும்மா ஒரு பரிசோதனையாக அதே பொருளைச் சூடான டி.எம்.எஃப்.பில் (இன்னொரு கரைப்பான்) 60 டிகிரியில் சோனிகேட் செய்து வடிகட்டினேன். வடிந்தது நிறமில்லாமல் இருக்க வேண்டும், அல்லது தப்பிய குழாய் இருந்தால் சாம்பல் கறுப்பாக இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை. பழுப்பு, கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தால் அசல் காப்பி டிகாஷன். அதை ஆவியாக்கி எஃப்.டி.ஐ.ஆர். எடுத்தால் பி.எம்.எம்.ஏ.வும் இருக்கிறது, அதோடு அகலமான கார்பாக்சில், ஹைட்ராக்சில் பட்டைகளும் இருக்கின்றன. நான்கைந்து தடவை இப்படி எடுத்த பிறகு 33 சதவீதம் 14-ஆக இறங்கியது.

என்ன நடந்தது என்றால், நான் 24 மணி நேரம் அமிலத்தில் வேகவைத்தபோது குழாயின் சுவர்கள் உரிந்து சின்னச் சின்னக் கார்பன் துண்டுகளாகியிருக்கின்றன. அவற்றில் விளிம்பு முழுக்கக் கார்பாக்சில். அந்தத் துண்டுகள் தட்டையானவை, குழாயின் மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரில் கழுவினால் போகாது. 2007-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள், ஆக்சிஜனேற்றச் சிதிலம் என்று சொல்லலாம். நான் கார்பாக்சில் என்று கணக்குப் போட்டதில் பெரும்பகுதி அந்தச் சிதிலத்தில் இருந்தது. தொடக்கியை அதன் மேல் நட்டேன், பாலிமரும் அதன் மேல்தான் வளர்ந்தது. ஆக, குழாய்க்கும் பாலிமருக்கும் நடுவில் வேதிப் பிணைப்பே இல்லை, இடையில் இந்தத் துண்டு வெறும் ஒட்டாக நிற்கிறது. காரை பெயர்ந்த சுவரில் பெயின்ட் அடித்த மாதிரி.

தீர்வு காரம். தொடக்கி நடுவதற்கு முன்பே, கவனியுங்கள், பாலிமர் வளர்த்த பிறகு அல்ல. பிறகு செய்தால் காரம் எஸ்டரையும் உடைத்துவிடும், எது எதனால் போனது என்று தெரியாது. புதிதாக 2 கிராம் எடுத்து, இந்தத் தடவை 60 டிகிரியில் 4 மணி நேரம் மட்டும் அமிலம். கழுவி எடுத்தது 1.8 கிராம். அதை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டினேன். முதல் வடியல் நல்ல டிகாஷன், இரண்டாவது மீண்டும் ஊற்றிய டிகாஷன், மூன்றாவது டீக்கடை கிளாஸ் கழுவிய தண்ணீர், நாலாவது தெளிவு. பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு கழுவல், கார்பாக்சிலேட் உப்பைத் திரும்பவும் அமிலமாக்க, அப்புறம் தண்ணீர். இதை உலர்த்தித் தண்ணீரில் போட்டால் முன்னைப்போல அழகாக நிற்காது, கொஞ்சம் அடியில் தங்கும். பயப்பட வேண்டாம். முன்பு தண்ணீரில் அவ்வளவு நன்றாக நின்றதே அந்தச் சிதிலம் சோப்பு வேலை பார்த்ததால்தான். டி.ஜி.ஏ.வில் எடை இழப்பு பழைய சரக்கில் 14 சதவீதம் இருந்தது, தொடக்கி நட்ட பிறகும்கூட இதில் 5-தான்.

நாலாவது ஓட்டத்தின் அளவுகள், யாருக்காவது உதவும்: தொடக்கி ஏற்றிய குழாய் 200 மி.கி., மோனோமர் 4 மி.லி., டி.எம்.எஃப். 4 மி.லி., செப்பு புரோமைடு 14 மி.கி., பி.எம்.டி.இ.டி.ஏ. (செப்போடு சேர்ந்து அணைவாகும் பொருள்) 21 மைக்ரோலிட்டர், கரைசலில் விட்ட சாதாரணத் தொடக்கி 15 மைக்ரோலிட்டர், 60 டிகிரி, 20 மணி நேரம். நடுவில் 40 நிமிடம் கரண்ட் போனது. எண்ணெய்த் தொட்டி ஆறி, வினை தூங்கி, கரண்ட் வந்ததும் திரும்ப விழித்துக்கொண்டது, இந்த முறையில் அது ஒரு வசதி. பத்து கழுவல், மெத்தனால் சோதனை தெளிவு. எடை இழப்பு 24 சதவீதம். பழைய 52-ஐயும் 33-ஐயும் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் அழுகை வரும். ஆனால் சூடான டி.எம்.எஃப்.பில் அதே சித்திரவதையைச் செய்த பிறகு 23. வடியலும் நிறமில்லை.

தனியாக வளர்ந்த பாலிமரை ஜி.பி.சி.யில் (சங்கிலிகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) போட்டால் சராசரி மூலக்கூறு எடை 18,000 வந்தது. குழாயின் மேல் இருப்பதும் ஏறக்குறைய அதே நீளம் என்று வைத்துக்கொண்டு (சின்ன நம்பிக்கைதான், மேற்பரப்பில் கொஞ்சம் மாறலாம்) ஒரு கணக்குப் போட்டேன். 24-இலிருந்து தொடக்கிப் பங்கைக் கழித்தால், ஒரு கிராம் குழாய்க்கு 0.26 கிராம் பாலிமர், அதாவது 15 மைக்ரோமோல் சங்கிலி. விற்றவர்கள் தாளில் கொடுத்த பரப்பு கிராமுக்கு 200 சதுர மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 23 சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி. 18,000 எடையுள்ள பி.எம்.எம்.ஏ. கரைசலில் 3, 4 நானோமீட்டர் ஆரத்துக்குச் சுருண்டு உட்காரும், அதற்கு வேண்டிய இடம் இதைவிட அதிகம். ஆக, சங்கிலிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கின்றன. அடர்ந்த காடு என்று சொல்ல முடியாது, ஆனால் குழாயும் குழாயும் தொட்டுக்கொள்ளாமல் தடுக்க இது போதும். ராமன் நிறமாலையும் எடுத்தேன், 1350-க்கும் (குழாயின் குறைகளைக் காட்டும் பீக்) 1580-க்கும் உள்ள விகிதம் கொஞ்சம் கூடியது. பல சுவர்க் குழாயில் அந்த விகிதம் ஆரம்பத்திலேயே பெரிதாக இருக்கும், சிதிலமே அதை ஏற்றிக் காட்டும், அதனால் அதை வைத்து நான் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

படலம்? அதே அரை சதவீதம், அதே பெட்ரி தட்டு. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் கூலிங் கிளாஸ் மாதிரி ஒரே சீரான சாம்பல், மிளகுத்தூள் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்கடத்தும் படலம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள். 2 சதவீதம் பச்சைக் குழாய் போட்டு வார்த்த கட்டி தட்டிய அசிங்கமான படலத்தில் மல்டிமீட்டர் கிலோ ஓமில் ஏதோ காட்டியது. அதே 2 சதவீதம் பாலிமர் வளர்த்ததைப் போட்டால் மீட்டர் அசையவே இல்லை. ஒவ்வொரு பிணைப்பும் குழாயின் சுவரில் ஒரு ஓட்டை, மேலே பாலிமர் ஒரு உறை, குழாய்க்குக் குழாய் எலெக்ட்ரான் தாவ வழி எங்கே? அதற்குப் பிணைப்பில்லாமல் சுற்றி மூடுகிற பாலிமர்களே மேல். எங்கள் ஜூனியர் தம்பி டோபமைனை (தானே பாலிமராகி மேலே படியும் பொருள்) பி.எச். 8.5-இல் 24 மணி நேரம் கலக்கி ஒரே நாளில் பூச்சு போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும், அவனுக்கும் கன்ட்ரோல் கேள்வி வரும்.

போன வாரம் அவன்தான் வந்து, "அக்கா, ஃபில்டர் பண்ண மெம்பிரேன் இருக்கா?" என்று கேட்டான். என்ன கரைப்பான் என்று கேட்டேன். அசிட்டோன் என்றான். எழுந்துபோய் இரண்டு டப்பாவையும் எடுத்து, ஒன்றின் மேல் மார்க்கரில் "தண்ணிக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிவிட்டு, மற்றதைக் கொடுத்தேன்.